பதினோரு அடி ஈரம்

ஒன்பது வருடக் குடித்தனத்தில் அந்த வீட்டில் வாடாமல் மிஞ்சிய ஒரே செடி, சாப்பாட்டு மேசை மேல் இருந்த ஸ்பாஞ்சுச் செடிதான். இதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. முளைக்காதது வாடாது.

அதைச் செய்தவன் மாடல்காரன். இன்னும் கட்டாத கட்டடங்களை, கட்டி முடித்துச் சுண்ணாம்பும் அடித்தாயிற்று என்பதுபோல, மேசை மேல் வைக்கிற அளவில் செய்துகொடுப்பது அவன் பிழைப்பு. நூறு அடிக் கட்டடம் அவன் கையில் ஓரடி ஆகிவிடும். வாசலில் ஒரு கார், மூன்று மனிதர்கள், சுற்றிலும் ஸ்பாஞ்சைக் கிள்ளிப் பச்சைச் சாயத்தில் முக்கி ஒட்டிய புதர்கள். மனிதர்களுக்கு முகம் கிடையாது. முகம் வைத்தால் பார்க்க வருகிறவர் அது தன் முகமா என்று தேட ஆரம்பித்துவிடுவார், கட்டடத்தைப் பார்க்க மாட்டார். எல்லாவற்றையும் நூற்றில் ஒரு பங்காகச் செய்வதால் ஆபீசில் அவனுக்கு ‘நூத்துல ஒண்ணு’ என்று பெயர். கல்யாணப் பேச்சின்போது யாரோ இதைப் பெண் வீட்டில் போய்ச் சொல்ல, அவர்கள் அதை நன்னடத்தைச் சான்றிதழாக எடுத்துக்கொண்டார்கள். வெறும் அளவு என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

மனைவிக்கு ஆஸ்பத்திரியில் காது பரிசோதிக்கும் வேலை. கண்ணாடி அறைக்குள் ஒருவரை உட்கார வைத்து, காதில் கருவியை மாட்டி, இருக்கிறதா இல்லையா என்ற அளவுக்குச் சின்னச் சத்தமாக அனுப்புவாள். “கேட்டா கையைத் தூக்குங்க” என்பாள். கை எழும்பும், அல்லது எழும்பாது. நாள் முழுக்கப் பதிலுக்குக் காத்திருப்பதுதான் வேலை. வீட்டுக்கு வந்தும் அதே வேலைதான், சம்பளம் மட்டும் கிடையாது.

ஸ்பாஞ்சுச் செடியின் கதை இது. இரண்டு வருடத்துக்கு முன் அவள் பிறந்த நாளுக்காக, வாழ்க்கையில் முதல்முறையாக, முழு அளவில் ஒரு பொருள் செய்தான். தொட்டியில் ஒரு செடி. இலை இலையாக வெட்டி, நரம்பு கீறி, நம்பிக்கை வரட்டும் என்று ஓர் இலையில் பூச்சி அரித்த ஓட்டைகூடப் போட்டான். அவள் சந்தோஷமாக வாங்கி ஜன்னலில் வைத்தாள். மறுநாள் காலை அரை டம்ளர் தண்ணீர் ஊற்றினாள்.

சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். ஆனால் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து பார்த்தவனுக்குத் தொழில் பெருமை தலைக்கேறிவிட்டது. சரி, நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டான். ஸ்பாஞ்சு ஆயிற்றே, ஊற்றியதெல்லாம் குடித்தது. அவள் அதை வெயில் பக்கமாகத் திருப்பி வைத்தாள். வேலைக்குக் கிளம்பும்போது அதனிடம் “வரேன்” என்றாள். முப்பத்தோராம் நாள் ஜன்னல் பக்கம் ஒரு நாற்றம். தூக்கிப் பார்த்தாள். செடி கையோடு வந்தது, தொட்டி வரவில்லை. அடியில் பசை நூல் நூலாக இழுத்துக்கொண்டு நின்றது.

அவள் கத்தவில்லை. “உங்களுக்குத் தெரியுமா?” என்றாள், இந்தக் கேள்விக்கு வேறு யாரோ பதில் சொல்வார்கள் என்று நம்புகிறவள் போல.

செய்தித்தாள் அசையவில்லை.

“ஒரு மாசம் தண்ணி ஊத்தியிருக்கேன். பாத்துக்கிட்டேதான இருந்தீங்க?”

செய்தித்தாளில் ஒரு பக்கம் திரும்பியது.

“கேட்டா கையைத் தூக்குங்க.”

செய்தித்தாளின் ஓரத்திலிருந்து ஒரு கை மெல்ல எழும்பியது.

அன்றைக்கு அவள் அந்தச் செடியைக் காயவைத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். தூக்கிப் போட்டிருக்கலாம். போடவில்லை. இரண்டு வருடமாக மூன்று வேளையும் அதன் எதிரில் உட்கார்ந்துதான் மாடல்காரன் சாப்பிட வேண்டியிருந்தது.

பிறகு அவளுக்கு வேறு ஊரில் புதிதாகத் திறந்த ஆஸ்பத்திரியில் ஆறு மாத வேலை வந்தது. அங்கேயே நிரந்தரமாக இருந்துவிடுகிறீர்களா என்றும் கேட்டிருந்தார்கள். கிளம்புகிற அன்று வாசலில் பையை வைத்துவிட்டு நின்றாள்.

“ஆறு மாசம் கழிச்சு வருவேன். வந்து பாத்துட்டுச் சொல்றேன்னு அவங்ககிட்ட சொல்லியிருக்கேன்.”

“என்னத்தப் பாத்துட்டு?”

அவள் ஜன்னலுக்குக் கீழே இருந்த வெறும் பாத்தியைக் காட்டினாள். “அதுல ஏதாவது உசிரோட இருக்கான்னு. உங்க கையால வச்சு, உங்க கையால காப்பாத்தினது.”

“ஒண்ணு போதுமா?”

“எண்ணிக்கையெல்லாம் உங்க இஷ்டம். ஆனா உயரமா வைக்காதீங்க. ஜன்னலை மறைக்கக் கூடாது. எனக்குத் தெரு வேணும்.” பையை எடுத்துக்கொண்டாள். போகும்போது அவனிடம் ‘வரேன்’ என்று சொன்னாளா என்று பிற்பாடு எவ்வளவோ யோசித்தும் அவனுக்கு ஞாபகம் வரவில்லை.

அந்தப் பாத்தி பதினோரு அடி நீளம், மூன்றடி அகலம். காலையிலிருந்து மாலை நான்கு மணி வரை மறைப்பில்லாத வெயில். அப்படியும் எப்போது பார்த்தாலும் ஈரம். மாடியில் இருந்த தண்ணீர்த் தொட்டிதான் காரணம். தினமும் காலை எட்டு மணிக்கு அது நிரம்பி, ஒரு குழாய் வழியாகப் பாத்தியில் வழியும். மாடியில் குடியிருந்த வீட்டு ஓனர் மோட்டாரை நிறுத்த மறப்பதை ஓர் ஒழுக்கமாகவே கடைப்பிடித்தார். மற்ற எந்த விஷயத்திலும் அவர் இவ்வளவு நேரம் தவறாதவர் இல்லை.

முதல் மாதம் மாடல்காரன் பாத்தியை அளந்தான். இரண்டாம் மாதம் அளந்தது சரியா என்று அளந்தான். பிறகு பத்தில் ஒரு பங்கு அளவில் அதற்கு ஒரு மாடல் செய்தான். ஜன்னல், குழாய், ஜன்னலுக்குள் ஒரு நாற்காலி, நாற்காலியில் முகமில்லாத ஒரு பெண். பாத்தியில் இடைவெளி இல்லாமல் பச்சை ஸ்பாஞ்சு உருண்டைகள். அதை ஓர் அட்டைப்பெட்டியில் வைத்து நர்சரிக்கு எடுத்துப்போனான்.

நர்சரிக்காரம்மா முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு பச்சை வலைக்குக் கீழே நின்றிருந்தாள். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

“சார், நீங்க செடி வாங்க வந்தீங்களா, விக்க வந்தீங்களா?”

“இந்த மாதிரி வேணும். குட்டையா, உருண்டையா. முழங்காலுக்கு மேல போகக் கூடாது. வருஷா வருஷம் பிடுங்கி நடாம அப்படியே நிக்கணும்.”

“வெயிலு?”

“நாலு மணி வரைக்கும்.”

“ஈரம்?”

“எட்டு மணிக்கு வரும்.”

“ஈரம் என்ன ஆபீஸ் வேலைக்கா வருது?”

அவன் தொட்டியின் வரலாற்றைச் சொன்னான். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

“மண்ணைக் கையில பிடிச்சுப் பாத்தீங்களா?”

“ரெண்டு தடவை அளந்திருக்கேன்.”

“அளக்கச் சொல்லல சார். பிடிச்சுப் பாத்தீங்களா?” குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி அவன் உள்ளங்கையில் வைத்தாள். “அமுக்குங்க. இப்படி உருண்டையா நின்னா சரி. தண்ணி சொட்டினா வேரு அழுகும், மணலும் மக்கின எருவும் கலந்து பாத்தியைத் தூக்கிவிடணும். உதிர்ந்துபோனா அது ஈரமே இல்ல, உங்க கற்பனை.”

மாடல்காரன் மண் உருண்டையைப் பார்த்தான். கையில் பசை இல்லாமல் ஒரு பொருள் ஒன்றோடொன்று சேர்ந்து நிற்பது அவனுக்குக் கொஞ்சம் வியப்பாக இருந்தது.

“வெயில் தாங்கறதுக்கு ஈரம் ஆகாது. ஈரம் தாங்கறதுக்கு வெயில் ஆகாது. ரெண்டையும் தாங்குற ஆளுங்க கொஞ்சம் பேருதான்” என்றபடி அவள் வரிசையோடு நடந்தாள். வரன் பார்க்கிற வீட்டில் குறைகளை முதலிலேயே சொல்லிவிடுகிற தரகரைப்போல ஒவ்வொன்றாகக் காட்டினாள். “இது வல்லாரை. குட்டைதான், ஈரம்னா உசிரு. ஆனா ஒரு இடத்துல நிக்காது, ஊர் சுத்தும். நாலு மாசத்துல பக்கத்து வீட்டுல இருக்கும். இது நீர்ப்பிரம்மி. தங்கமான குணம். தரையோட தரையா படுத்தே கிடக்கும், எழுந்திருக்காது. இது சிவப்புப் பொன்னாங்கண்ணி. மாசம் ஒருக்கா முடி வெட்டினா அழகா மேடு கட்டும். வெட்டுவீங்களா?”

“வெட்டறதுதான் என் வேலையே.”

“அப்ப வேண்டாம். வெட்டியே கொன்னுருவீங்க.”

நான்காவது வரிசையில் நின்றாள். மிளகாய் விதை அளவு இலைகள், அவற்றுக்கு நடுவே அரிசி அளவில் ஊதாப் பூக்கள். யாரும் கத்தரிக்காமலே செடி தானாக ஒரு குட்டிக் குன்றுபோல் குவிந்து நின்றது.

“கூஃபியா. வெயிலும் கேக்கும், ஈரமும் கேக்கும். வருஷக்கணக்கா நிக்கும். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம், அதுதான் முக்கியம்.”

மாடல்காரன் தரையில் மண்டியிட்டான். ஒரு கண்ணை மூடினான். மறு கண்ணைச் செடியின் அடிவாரத்துக்குக் கொண்டுபோனான். ஒரு மாடல் முடிந்ததும் இப்படித்தான் பார்ப்பான், அந்த முகமில்லாத மனிதனின் உயரத்திலிருந்து. அங்கிருந்து பார்த்தபோது அது மலை. மலை முழுக்க ஊதா விளக்குகள் எரிந்தன. அடியில் ஈரம் சுவாசித்துக்கொண்டிருந்தது. எங்கோ தொலைவில், மலைக்கு அந்தப் பக்கம், ஒரு ஜன்னல் திறந்திருந்தது. அதில் யாரோ தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். முகம் தெரியவில்லை. போய்ச் சேர எத்தனை நாள் ஆகும் என்று அவன் மனசுக்குள் அளக்க ஆரம்பித்தபோது நர்சரிக்காரம்மாவின் ரப்பர் பூட்ஸ் மலையடிவாரத்தில் வந்து நின்றது.

“சார், மயக்கமா?”

“இல்ல. இதேதான் வேணும். அறுபது குடுங்க.”

“உங்க பாத்திக்கு இருபது போதும். ஒண்ணுக்கொண்ணு ஒன்றேகால் அடி தள்ளி வைக்கணும்.”

“நடுவுல மண்ணு தெரியுமே.”

“மூணு மாசம் தெரியும். அப்புறம் தெரியாது.”

“முதல் நாளே தெரியக் கூடாது.”

“அறுபது வச்சா அது தோட்டம் இல்ல சார், பஸ்ஸு.”

இந்த இடத்தில் மாடல்காரன் தரப்பையும் சொல்ல வேண்டும். அவன் தொழிலில் எல்லாமே முடிந்த பிறகு ஆரம்பிப்பது. ஒரு மாடலில் நாளை என்று ஒன்று கிடையாது. புதர்களுக்கு நடுவே அட்டை தெரிந்தால் முதலாளி அந்த இடத்தில் விரலை வைத்து “இங்க என்ன?” என்பார். “இது வளர்ந்துடும் சார்” என்று சொன்னால் அன்றைக்கே வேறு ஆளைத் தேடுவார். இருபது வருடமாக இடைவெளி என்றால் தப்பு என்று பழகிய கை அது. அறுபதும் வாங்கிக்கொண்டு வந்தது.

ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நட்டு முடித்தான். செடிக்குச் செடி இடித்துக்கொண்டு, ஒரு விரல் நுழையாமல், ஜன்னல் ஓரத்துக்கு அரை அடி கீழே, அளவெடுத்துத் தைத்ததுபோல் நின்றன. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். மாடி ஓனர் எட்டிப்பார்த்து, “நம்ம தண்ணி” என்றார் பெருமையாக.

அதன்பின் மாடல்காரனுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. காலையில் எட்டு மணிக்குக் குழாய் பேச ஆரம்பித்ததும் வெளியே வந்து, பாத்தியின் ஓரத்தில் கன்னத்தை மண்ணில் வைத்துப் படுத்துவிடுவான். தண்ணீர் வேர்களுக்குள் போகும் சத்தம் கேட்கும், அல்லது கேட்பதுபோல் இருக்கும். வெயில் ஏறும்போது ஈரம் ஆவியாக எழும்பி, குன்றுகளுக்கு நடுவே மேகம்போல் நிற்கும். அந்த மேகத்துக்குள் அவன் நூற்றில் ஒரு பங்காகச் சுருங்கி நடந்துகொண்டிருப்பான். அவசரம் ஒன்றும் இருக்காது. ஆபீசுக்கு மட்டும் தாமதமாகும். முதல் வாரத்தில் இரண்டு பேர் அவன் முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். பிறகு தெரு பழகிக்கொண்டது.

மூன்றாவது வாரம் மச்சினன் வந்தான். மனைவியின் தம்பி, டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுப்பவன். சோபாவில் உட்கார்ந்தாலும் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கும்.

“மாமா, அக்கா போன் பண்ணினா. அங்க அவளுக்குத் தனி ரூம் குடுத்திருக்காங்களாம். ஜன்னல் பெருசாம்.”

“என்ன தெரியுதாம்?”

“தெரு.”

மாடல்காரன் தன் ஜன்னலைப் பார்த்தான்.

“பெர்மனென்டா இருந்துடலாம்னு பாக்குறா மாமா. ஆனா முடிவு பண்ணலையாம். வந்து பாத்துட்டுத்தானாம்.” மச்சினன் எழுந்து ஜன்னல் வழியாகப் பாத்தியைப் பார்த்தான். உடனே பிரேக்கை மிதித்தான். “என்ன மாமா இது, சிக்னல்ல வண்டி நிக்கிற மாதிரி இருக்கு! முன்னாடி வண்டிக்கு இடம் விடணும்னு என் ஸ்டூடன்டுங்களுக்கே சொல்லிக்குடுக்கறேன்.”

“மாப்ள, இது செடி. ஓடாது.”

“வளருமே மாமா.”

மாடல்காரனுக்கு அது புதிய தகவல் மாதிரி இருந்தது.

வளர்ந்தன. முதலில் அழகாக. குன்றுகள் ஒன்றையொன்று தொட்டன, பிறகு சாய்ந்தன, பிறகு ஏறின. அவள் போய் நான்கு மாதம் முடியும்போது பாத்தி குன்றுகளாக இல்லை. அவசரமாக மடித்து அலமாரியில் திணித்த கம்பளிபோல் இருந்தது. குழாய்த் தண்ணீர் விழும் நடுப்பகுதியில் வெயில் உள்ளே இறங்கவில்லை, காற்று நுழையவில்லை. ஒரு நாள் காலை கன்னத்தை மண்ணில் வைத்துப் படுத்தவனுக்கு, இரண்டு வருடத்துக்கு முன் ஜன்னலில் அடித்த அதே நாற்றம் அடித்தது. கையை விட்டு விலக்கினான். நடுவில் இருந்த செடிகளின் அடித்தண்டு கறுத்திருந்தது. தொட்டதும் ஒன்று கையோடு வந்தது.

அவன் எடுத்துப்போன போட்டோவை நர்சரிக்காரம்மா பார்த்தாள். நான் அப்பவே சொன்னேன் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்துத் தலையைத் தயாராகக் குனிந்து வைத்திருந்தான். அவள் சொல்லவில்லை. “மூணுக்கு ஒண்ணு விட்டுட்டு மத்ததை எடுத்துருங்க” என்றாள்.

“நல்லா இருக்கறதையுமா?”

“நல்லா இருக்கறதைத்தான் எடுக்கணும். செத்தது தானா போயிடும்.”

ஒட்டிய எதையும் பிடுங்கிப் பழகாத கை. அன்று மாலை முதல் செடியைத் தோண்டி எடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. வேரோடு ஒரு மண் உருண்டை வந்தது. அமுக்கிப் பார்த்தான். நின்றது. அதைத் தூக்கிப் போட மனசு வராமல் எதிர்வீட்டுத் தையற்காரரிடம் கொடுத்தான். அடுத்ததை இஸ்திரிக் கடைக்கு, அதற்கடுத்ததைப் பள்ளிக்கூட வாட்ச்மேனுக்கு. மாடி ஓனர் நான்கு கேட்டு வாங்கினார். “நம்ம தண்ணி குடிச்ச செடி” என்று உரிமையோடு. தெருமுனைக்கு வரும்போது கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

பாத்தியில் இருபது நின்றன. முதல்முறையாக நடுவில் மண் தெரிந்தது. மாடல்காரனுக்கு வாசல் பக்கம் போகவே கூச்சமாக இருந்தது. சட்டை போடாமல் தெருவில் நிற்பதுபோல் இருந்தது. ஆனால் பத்து நாளில் செடிகள் மூச்சு விட்டன. சாய்ந்தவை நிமிர்ந்தன. ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றித் தானாகவே ஓர் உருண்டை வரைந்துகொள்ள ஆரம்பித்தது, கட்டரும் சாமணமும் இல்லாமல்.

பிறகு, அவள் வருவதற்குப் பதினைந்து நாள் முன்பு, நடுவில் இருந்த ஒன்று செத்துப்போனது. சரியாக ஜன்னலுக்கு நேர் கீழே.

தொண்ணூற்றைந்து மார்க் வாங்கியவன் போன ஐந்து மார்க்கையே பார்ப்பதுபோல், பத்தொன்பது செடிகளையும் விட்டுவிட்டு அந்த ஓட்டையையே பார்த்தான். நர்சரியில் கூஃபியா தீர்ந்திருந்தது. கொடுத்த வீடுகளில் போய்த் திருப்பிக் கேட்கவும் வாய் வரவில்லை. தையற்காரர் அதற்குள் அதைச் சுற்றி நூல்கண்டுகளை அடுக்கி வேலி கட்டியிருந்தார். அவள் மறுநாள் வருகிறாள் என்ற அன்று மாலை, கை தானாகப் போய் ஸ்பாஞ்சை எடுத்தது.

இதை அவன் முடிவு செய்தான் என்று சொல்ல முடியாது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தான். கிள்ளினான், முக்கினான், ஊதாக் காகிதத்தை அரிசி அரிசியாக வெட்டினான். எதிரில் பழைய ஸ்பாஞ்சுச் செடி பார்த்துக்கொண்டிருந்தது. வெளிச்சம் மங்குவதற்குள் முடித்து, கொண்டுபோய் ஓட்டையில் வைத்தான். இரண்டடி தள்ளி நின்று பார்த்தான். ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். இருபதில் எது பொய் என்று அவனுக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது. அவன் செய்ததிலேயே சிறந்தது அதுதான்.

காலை எட்டு மணிக்குக் குழாய் பேசியது. ஸ்பாஞ்சு குடித்தது. வெயில் ஏறியது, ஆவி எழுந்தது. மாடல்காரன் வழக்கம்போல் கன்னத்தை மண்ணில் வைத்துப் படுத்திருந்தான். பத்து மணிக்கு அவள் வந்துவிடுவாள்.

ஒன்பது மணிவாக்கில் வெள்ளையாக ஒரு வண்ணத்துப்பூச்சி வந்தது. வரிசையாக ஒவ்வொரு குன்றிலும் உட்கார்ந்து எழுந்து வந்தது, பரிசோதனைக்கு வந்த அதிகாரிபோல. நடுவிலிருந்ததிலும் உட்கார்ந்தது. அதற்கும் தெரியவில்லை. மாடல்காரனுக்குப் பெருமை தலைக்கு ஏறப் பார்த்தது.

பூச்சி முடிபோன்ற குழலை நீட்டிக் காகிதப் பூவில் வைத்தது. காத்திருந்தது. அடுத்த பூவுக்கு நகர்ந்தது. வைத்தது, காத்திருந்தது. அதற்கடுத்தது. பறந்து போய்விட்டது. அப்பாடா என்று நினைத்தபோது திரும்பி வந்தது, விட்டுப்போன பூ ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பதுபோல். குறை தன்னிடம்தான் என்று நினைத்துக்கொண்ட மாதிரி, குழலைச் சுருட்டி, மறுபடி நீட்டி, மறுபடி வைத்தது.

அவன் பூச்சியின் உயரத்தில் இருந்தான். செய்தித்தாள் கையில் இல்லை. ஒளிந்துகொள்ள ஒன்றும் இல்லை.

“இல்ல” என்றான் அதனிடம். “அதுல ஒண்ணும் இல்ல.”

பூச்சிக்குக் காது கேட்குமா என்பதை மனைவியிடம்தான் கேட்க வேண்டும். அது நான்காம் முறை திரும்பி வந்தபோது அவன் கையை நீட்டி ஸ்பாஞ்சைப் பிடுங்கினான். பிடுங்கின கையிலிருந்து தண்ணீர் முழங்கை வரை வழிந்தது. பூச்சி பக்கத்துச் செடிக்குப் போனது. அங்கே நெடுநேரம் இருந்தது.

தெருவில் ஒரு வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. மச்சினன்தான் ஓட்டி வந்திருந்தான். அக்காவை இறக்கிவிட்டு, மாமா தரையில் கிடப்பதையும், கையில் இருப்பதையும் பார்த்து, அப்படியே ரிவர்ஸ் எடுத்துப் போய்விட்டான். நல்ல டிரைவர்.

அவள் கேட்டுக்கு வெளியே பையோடு நின்றாள். பாத்தியைப் பார்க்கவில்லை. அவன் கையைப் பார்த்தாள்.

“அது என்ன?”

எழுந்து நின்றான். கன்னத்தில் மண். “ஸ்பாஞ்சு. நேத்து சாயங்காலம் செஞ்சு வச்சேன். இப்பதான் எடுத்தேன். அந்த இடத்துல இருந்தது செத்துப்போச்சு. பதினஞ்சு நாளாச்சு. நான்தான் நெருக்கி நட்டேன். அறுபது நட்டேன், இருபது போதும்னு சொன்னாங்க. கேக்கல. கொஞ்சம் அழுகிப்போச்சு, மிச்சத்தை எடுத்துக் குடுத்துட்டேன். பூச்சி ஒண்ணு வந்து இதுல உக்காந்துச்சு. தேடித் தேடிப் பாத்துச்சு. அப்புறம்தான் எடுத்தேன்.”

ஒன்பது வருடத்தில் அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை. அவள் கவனமாகக் கேட்டாள். அது அவள் வேலை.

“பூச்சி எவ்வளவு நேரம் தேடுச்சு?”

“அஞ்சு நிமிஷம் இருக்கும்.”

“நான் முப்பத்தொரு நாள்.”

“தெரியும்” என்றான். இந்த முறை வாயால்.

அவள் பையைக் கேட்டுக்கு வெளியிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்தாள். பாத்தியின் ஒரு முனையில் குந்தி உட்கார்ந்து முதல் செடியில் ஓர் இலையைக் கிள்ளினாள். நசுக்கி முகர்ந்தாள். அடுத்த செடிக்கு நகர்ந்தாள். கிள்ளினாள், முகர்ந்தாள். பத்தொன்பதையும். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருப்பவனைப்போல் மாடல்காரன் அசையாமல் நின்றான். எது சத்தம், எது தன் காதுக்குள் ஓடும் ரத்தம் என்று தெரியாத அந்த அமைதி. ஸ்பாஞ்சு மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

கடைசியில் நடுவிலிருந்த ஓட்டைக்கு வந்து ஒரு பிடி மண்ணை அள்ளி அமுக்கினாள். உள்ளங்கையில் உருண்டை நின்றது.

“தெருமுனையிலேருந்து வீட்டுக்கு வீடு இதே செடி நிக்குது. எது நம்ம வீடுன்னு தம்பிகிட்ட கேக்க வேண்டியதாப் போச்சு.”

“நாப்பது எடுத்தேன்.”

“இங்க என்ன வைக்கப் போறீங்க?” விரலை அந்த ஓட்டையில் வைத்துக் கேட்டாள், முதலாளி வைக்கிற மாதிரியே.

“ஒண்ணும் வைக்கல. பக்கத்துல இருக்கறது வந்துடும்.”

“எவ்வளவு நாள் ஆகும்?”

“மூணு மாசம்.”

“அதுவரைக்கும் ஓட்டையாவே இருக்குமா?”

“இருக்கும்.”

அவள் எழுந்து அவன் கையிலிருந்து ஸ்பாஞ்சை வாங்கினாள். ஒட்டப் பிழிந்தாள். அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் ஜன்னல் திறந்தது. ஆறு மாதத் தூசியை அவள் அந்த ஸ்பாஞ்சாலேயே நிதானமாகத் துடைத்தாள். பச்சைச் சாயம் கொஞ்சம் சட்டத்தில் ஏறியது. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து வெளியே பார்த்தாள். குன்றுகளுக்கு மேலே தெரு முழுசாகத் தெரிந்தது. தையற்காரர், இஸ்திரிக் கடை, வாட்ச்மேன், ஒவ்வொரு வாசலிலும் கொஞ்சம் ஊதா. கேட்டுக்கு வெளியே அவள் பை.

மாடல்காரன் ஓட்டையின் பக்கத்தில் மண்டியிட்டிருந்தான். மாடலில் இருந்த அதே ஜன்னல், அதே நாற்காலி. நாற்காலியில் இருந்தவளுக்கு முகம் இருந்தது. அந்த முகத்தில் உதடு அசைந்ததா என்று தெரியாத அளவுக்கு அசைந்தது. கண்ணாடி அறைக்கு அனுப்புகிற சத்தங்களிலேயே மிகச் சின்ன சத்தத்தில் அவள் சொன்னாள்:

“அவங்ககிட்ட வரலேன்னு சொல்லிடட்டுமா?”

சொல்லிவிட்டு, எதுவும் சொல்லாதவள்போல் தெருவைப் பார்த்துக்கொண்டாள்.

மண் அப்பிய ஒரு கை, செடிகளின் உயரத்தைத் தாண்டி, ஜன்னலின் உயரத்தையும் தாண்டி எழும்பியது. பிறகு மாடல்காரன் எழுந்து, பையை எடுக்கக் கேட்டுப் பக்கம் போனான்.